ஆடு இறங்காத கண்மாய்

நான் கணக்கு டீச்சர். போன மாதம் கண்டரமாணிக்கத்திலிருந்து குன்றக்குடி முருகனுக்கு வேண்டுதலாகத் தனியே நடந்து போனேன். வழியில் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய். கரையைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர், குறுக்கே ஒன்றுதான் என்றது போன் மேப். முக்கோணக் கணக்கும் அதையே சொன்னது.

"அங்குட்டு இறங்காதீக அக்கா, கரையிலயே போங்க" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே பச்சைப்புல் மண்டிக் கிடக்க, காய்ந்த கரையில் இந்த ஆள் ஏன் ஆடு மேய்க்கிறான்? உள்ளே யாரோ திருட்டு மண் அள்ளுகிறார்கள், இவன் அதற்குக் காவல் என்று முடிவுகட்டி, முறைத்துவிட்டு இறங்கினேன்.

இருபது அடி வைப்பதற்குள் மேல்மண் உடைந்து, தொடைவரை சேற்றில் புதைந்தேன். அசைய அசைய இன்னும் உள்ளே போனேன். அவர்தான் ஓடிவந்து, ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பை நீட்டி இழுத்துப் போட்டார்.

"இம்புட்டுப் புல்லு கெடந்தும் ஒரு ஆடு இறங்கல, பாத்தீகள்ல?"

பார்த்தேன். பார்த்துத்தான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

இப்போது தெரியாத குறுக்குவழி என்றால், பாதியில் திரும்ப நேர்ந்தால் ஆகும் தூரத்தையும் கூட்டியே கணக்குப் போடுகிறேன். பல நேரம் சுற்றுவழிதான் கிட்டமாக வருகிறது. வழி சொல்பவரைச் சந்தேகப்படுமுன், அவர் ஆடு எங்கே நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்கிறேன்.