‘என்னுது’ என்றார் லூர்து அத்தை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பில் பிரெஞ்சு சொல்வதெழுதுதல் நடந்துகொண்டிருந்தபோது பள்ளியின் வாயிற்காவலர் வந்து ஆசிரியையின் காதில் ஏதோ சொன்னார். ஆசிரியை புத்தகத்தை மூடவில்லை. விரலை இடையில் வைத்துக்கொண்டு, “மதலேன், உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ” என்றார். என் பக்கத்தில் இருந்த மதலேன் மைக்கூட்டை மூடினாள், பேனா முனையைத் துடைத்தாள், நோட்டுகளை அடுக்கி நாடாவால் இரண்டு சுற்றுக் கட்டினாள், முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் கதவைத் தாண்டிய பிறகு ஆசிரியை எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். அவளுடைய அம்மா லூர்தம்மாள், பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மூன்று நாள் காய்ச்சலில் இறந்துவிட்டார். நாங்கள் மாதாவை வேண்டி ஒரு பிரியதத்த மந்திரம் சொன்னோம். மதலேன் தன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை, அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயிலில் அவரைப் பார்த்தவர்கள் ‘பஸ் வீட்டுக்காரி’ என்றுதான் சொல்வீர்கள். அது உண்மைதான். அவர் குடும்பம் குடியிருந்தது ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய மோட்டார் பஸ்ஸில். கணவர் சூசை மிஸ்திரி வயல்களில் தண்ணீர் இறைக்கும் எண்ணெய் இஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். பஸ்ஸின் பின்பாதியில் அவருடைய ஸ்பேனர்களும் பெல்ட்டுகளும், முன்பாதியில் குடும்பம், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பள்ளி நாட்களில் வைத்திக்குப்பத்துக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பில் பஸ் நிற்கும். பள்ளி இல்லாத வியாழனும் ஞாயிறும் பூசை முடிந்ததும் எங்காவது ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டுவிடும். ஒருநாள் கோயில் வாசலில் ஒரு அம்மாள், “என்ன லூர்து, இன்னிக்கு உன் வீடு எங்க நிக்குது?” என்று கேட்டார். லூர்து அத்தை, “உன் வீடு நேத்து நின்ன எடத்துலயே நிக்குதாமே. பாவம், அதுக்குக் கால் வலிக்காதா?” என்றார். கேட்ட அம்மாளே சிரித்துவிட்டார்.

நான் முதல்முறை அங்கே சாப்பிடப் போனபோது அவர் மண்ணைக் கொஞ்சம் அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். அது போன திசையில், சக்கரத்தின் மறைவில் அடுப்பை வைத்து மூட்டினார். மீனை வண்டிக்குள் சமைக்கவே மாட்டார். “உள்ள வறுத்தா மீன் ஒரு நாளு, வாசனை ஒரு மாசம்” என்பார். அரிசி கழுவிய நீரில் தட்டுகள் கழுவப்படும், அந்த நீர் குப்பத்து ஆட்டுக்குப் போகும். வீட்டில் நான்கே தட்டுகள். மூன்று அவர்களுக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். என் அம்மா ஒரு போர்வை கொடுத்தனுப்பியபோது அன்றே பழைய போர்வையை மடித்துப் பக்கத்துக் குடிசைக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் எதற்கென்றே தெரியாத பெட்டிகள் மேல் பெட்டிகள் இருக்கின்றன. நான் அன்று வீட்டுக்குப் போய் அவற்றை எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

இன்னொரு விதியும் அங்கே உண்டு. புருஷனும் பெண்சாதியும் சண்டை போட வேண்டுமென்றால் வண்டியை விட்டு இறங்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இருவரும் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தபோது சூசை மாமா குரலை உயர்த்தினார். அத்தை கரண்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, “எறங்கு” என்றார். இருவரும் பின் சக்கரத்தருகே நின்று கால் மணி நேரம் கத்தினார்கள். “மழை பேஞ்சா என்ன பண்ணுவாங்க?” என்று மதலேனைக் கேட்டேன். “சண்டை இல்ல” என்றாள்.

இப்படி இருந்தவர்கள்மேல் யாரோ நகரசபைக்கு மொட்டைக்கடிதம் எழுதினார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண் குழந்தை இருப்பிடம் இல்லாமல் பஸ்ஸில் வளர்கிறது, அதை அனாதை விடுதியில் சேர்க்க வேண்டும் என்று. ஒரு அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருடைய மொழிபெயர்ப்பாளரால் அன்று வர முடியாது. எங்கள் தலைமைக் கன்னியம்மாளும் பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பிரெஞ்சில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் என்பதால் என்னை அழைத்தார்கள். நான் மிகவும் பெருமைப்பட்டேன்.

அந்த வாரம் முழுதும் மதலேன் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாற்காலி, கடிகாரம், திரைச்சீலை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். பார்க்க வீடு மாதிரி இருக்கட்டும் என்றார்கள். அத்தை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். “இருக்கறத அவங்க பாக்கட்டும். நாளைக்கு இல்லாதத இன்னிக்குக் காட்டி என்ன பண்றது?” என்றார். எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. நான் படித்த புத்தகங்களில் நல்ல வீடுகள் எல்லாவற்றிலும் பூஜாடி இருந்தது. அதிகாரி வருகிற அன்று, எங்கள் கூடத்தில் இருந்த நீலப் பீங்கான் ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தார், மதலேன் தலை வாரிக்கொண்டிருந்தாள். பலகைத் தடுப்பின் உச்சியில் உள்ள விளிம்பில் அதை வைத்தேன். அந்த விளிம்பில் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. அதனால்தான் பிறகு யாரும் அங்கே பார்க்கவில்லை.

அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. பிள்ளை எங்கே தூங்குகிறாள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, இரவில் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று கேட்டார். அத்தை சுருக்கமாகப் பதில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். மூடியிட்ட குடிநீர்ப் பானையையும் வெயிலில் காயும் படுக்கையையும் பார்த்து அவர் தலையசைத்தார். உடன் வந்திருந்த கன்னியம்மாளின் முகம் இளகியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போது அவர், “வண்டி ஓடும்போது பிள்ளை எங்கே இருப்பாள்? ஓட்டிக் காட்டுங்கள்” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தை, “மதலே” என்று மட்டும் கூப்பிட்டார். அடுப்பில் மண் விழுந்தது. தூக்குப் பாத்திரங்கள் கொக்கியிலிருந்து பெட்டிக்குப் போயின. இடது பக்கம் அம்மா கட்டினார், வலது பக்கம் மகள் கட்டினாள். ஒருவர் கட்டியதை மற்றவர் தொடவில்லை. இரண்டு பரலோக மந்திரம் சொல்லும் நேரத்தில் அந்த வீடு வண்டியாகிவிட்டது. அதிகாரி புருவத்தை உயர்த்தி ஏதோ குறித்துக்கொண்டார். அப்போதே நான் ஜாடியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எல்லார் கண்ணிலும் முட்டாளாகிவிடுவேன் என்று பயந்தேன். மெதுவாகத்தானே போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோப்பிலிருந்து சாலைக்கு ஏறும் இடத்தில் ஒரு வடிகால் இருக்கிறது. எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பஸ் அதில் இறங்கி ஏறியது. ஜாடி தடுப்பின் உச்சியிலிருந்து மதலேனின் நெற்றியில் விழுந்து, பிறகு தரையில் விழுந்து உடைந்தது. அவள் அழவில்லை. ரத்தம் இமையில் இறங்கியது. அத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூசை மாமா வண்டியை நிறுத்தினார்.

அதிகாரி ஒரு நீலத் துண்டை எடுத்துப் பார்த்தார். “இது யாருடையது என்று கேள்” என்றார்.

“இது யாருதுன்னு கேக்கறாரு” என்றேன்.

அத்தை அந்தத் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளும் அவருக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதும் அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது.

“என்னுது” என்றார். நான் அந்த நீலத் துண்டையே பார்த்தேன். “சொல்லு, தெரேசு. அவரு காத்திருக்காரு.”

நான் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சில், அது இந்த அம்மாளுடையது என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மதலேனை அனாதை விடுதிக்கு அனுப்பவில்லை. ஆனால் சாமான்கள் பாதுகாப்பின்றி வைக்கப்படும் இடமாதலால், அவள் பள்ளி போர்டிங்கில் தங்க வேண்டும், வியாழனும் ஞாயிறும் மட்டும் பெற்றோரிடம் போகலாம் என்று இருந்தது. உங்களில் பலர் அப்போது, “கவனமில்லாத பொம்பள” என்று பேசியதை நான் கேட்டேன். வீட்டில் நான் ஜாடி உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது பொய் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன் மாலையும் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். நான் வேறு வாசல் வழியாகப் போவேன். ஒருநாள் அத்தை அந்த வாசலிலேயே நின்றிருந்தார். “ஏன்டி ஒதுங்கி ஒதுங்கிப் போற? வா, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான்காவது தட்டில் எனக்குச் சோறு போட்டார். “அத்தை, அன்னிக்கு…” என்று ஆரம்பித்தேன். “சாப்புடு, ஆறிடும்” என்றார். மறுமுறை ஆரம்பித்தபோதும் அதையே சொன்னார். மூன்றாம் முறை நான் முயலவில்லை.

மகள் உடன் இல்லாததால் தோப்புக்குத் திரும்ப அவசியமில்லாமல், அவர்கள் தூரத்து ஊர்களில் பல நாள் தங்கத் தொடங்கினார்கள். கடைசி வாரம், இஞ்சின் வேலை முடியவில்லை என்று புதன்கிழமை பஸ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அப்போது அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை மதலேனோடு பாகூர்க் கல்லறைக்குப் போனேன். அங்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “தெரியும். அன்னிக்கே அம்மா சொல்லிடுச்சி” என்றாள்.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“அம்மா வேணான்டுச்சி. ‘அந்தப் பொண்ணு இதே ஊர்ல, இதே மூஞ்சிங்களத் தெனம் பாத்துட்டு இருக்கணும். நாம வண்டிய எடுத்துட்டுப் போயிடறவங்க. நம்ம மேலயே கெடக்கட்டும்’னு சொல்லிச்சி.”

“உனக்கு என்மேல கோவம் இல்லையா?”

“அம்மாவுக்கு இல்ல” என்றாள். “எனக்கு இருக்கு.”

இப்போது நகரசபையில் அந்தப் பழைய தாளை மறுபடி எடுத்திருக்கிறார்கள். தாயும் இல்லை, இடமும் பாதுகாப்பில்லை என்று காட்டி, மதலேனை முழுதுமாக அனாதை விடுதியில் வைப்பதா என்று யோசிக்கிறார்கள். சூசை மாமா பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நேற்று நான் தலைமைக் கன்னியம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை என்னை அதிகாரியிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார். அதிகாரி முன்னால் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். மிகச் சிறிய வாக்கியம் அது. அவர் நம்புவாரா, நம்பினாலும் உத்தரவை மாற்றுவாரா என்று தெரியாது. மதலேனையும் வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள்.

அதற்கு முன்னால் நீங்கள் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். லூர்து அத்தை கவனமில்லாதவர் அல்லர். அந்தப் பழி என்னுடையது. எனக்காக அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இனி அது என்னிடம் இருக்கும். அவருடைய பொருள்களில் நான் வைத்துக்கொள்ளப்போவது அது ஒன்றுதான்.