மேலண்ட வீடு யாருக்கு?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் சரிவான மனை கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல. கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே யோசித்துக்கொண்டு நிற்கும் பூமி அது. அந்த ஊரில் தேடிப்பிடித்து ஒரு சரிவை வாங்கிய பெருமை என் அப்பாவையும் பெரியப்பாவையுமே சேரும். தொழிற்பேட்டைக்குப் போகிற சாலை ஒரு செம்மண் மேட்டின்மேல் ஓடியது. அங்கிருந்து நிலம் மேற்கே ஏரியைப் பார்த்துச் சாய்ந்து இறங்கும். சாலைக்கும் ஏரிக்கும் நடுவில், சறுக்குமரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து போட்டதுபோல எங்கள் மனை கிடந்தது. விற்றவர் காற்று நன்றாக வரும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் மேல் என்றால் உயரம்; மேற்கும் அதுதான். கீழ் என்றால் தாழ்வு, கிழக்கும் அதுதான். எங்கள் பக்கத்தில் மேற்குப் பக்கத்தை மேலண்ட என்றும் கிழக்குப் பக்கத்தைக் கீழண்ட என்றும்தான் இன்றைக்கும் சொல்வார்கள். மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக இருக்கிற தேசத்தில் இந்த ஏற்பாட்டால் யாருக்கும் சிரமம் வந்ததில்லை. எங்கள் மனை மட்டும் கிழக்கே உயர்ந்து மேற்கே தாழ்ந்திருந்தது. அதாவது மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் இருந்தது. இத்தனை புத்தகம் படித்து, நாலு வரியில் இதை எழுதிவிட்டேன் என்று நான் பெருமைப்பட முடியாது. எழுதும்போது ஜன்னல் வழியாகச் சூரியனை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மனை வாங்கியபோது எனக்கு எட்டு வயது. எங்கள் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இந்த விஷயத்தில் எட்டு வயதுதான்.

அதுவரை இரண்டு குடும்பமும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு இரும்பு உருக்கும் ஆலையில் ஷிஃப்ட் வேலை. பெரியப்பா பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். பெரியப்பாவின் மகன் ஹாஸ்டலில் இருந்ததால் வீட்டில் குழந்தை என்று இருந்தது நான் ஒருத்தி. அடுப்பும் ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டு பர்னர் உண்டு. ஆனால் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதைப் பர்னர் முடிவு செய்வதில்லையே. அம்மா ஒரு அளவு போடுவாள். அவள் திரும்பியதும் பெரியம்மா ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டுத் தன் அளவைச் சேர்ப்பாள். சாப்பிடும்போது அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மாதிரி கண்ணைச் சுருக்குவார்கள். அண்ணன் தம்பி என்று முகத்தில் தெரிவது அப்போதுதான்.

"எனுக்குன்னு ஒரு அடுப்பு, எனுக்குன்னு ஒரு செவுரு. அது போதும்" என்று அம்மா எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் சொல்வாள். என்னிடம் சொன்னதாக அப்போது நினைத்தேன். என் கவலை வேறு. நான் பிறந்ததிலிருந்து பெரியம்மா பக்கத்தில்தான் தூங்கினேன். புது வீடோ இரண்டு வீடாக வரப்போகிறது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வீட்டுக்குப் படம் போட வந்தபோது அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு கோரிக்கை வைத்தேன். நடுச்சுவரில் ஒரு கதவு வேண்டும். ராத்திரி நான் போய்வர.

"இன்னாடி, கதவுதானே? போட்டுட்டா போச்சு" என்று மாமா ஒரு கோடு கிழித்து, அது திறக்கிற திசையை வளைவாகப் போட்டார். என் வாழ்க்கையில் ஒரு விண்ணப்பம் அவ்வளவு வேகமாக நிறைவேறியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மாமா ஒரு வால்வு தயாரிக்கும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நட்டு, போல்ட்டு, திருகாணி எதுவானாலும் தலைமுடி பிசகாமல் வரைவார். வீட்டையும் அப்படித்தான் வரைந்தார். அடுத்தடுத்து இரண்டு சதுரம், நடுவில் தடித்த சுவர், இரண்டு பக்கமும் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. திருகினால் தண்ணீர் வரும்போல் இருந்தது. படத்தில் சரிவும் இல்லை, வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறியும் இல்லை. வால்வுக்கு வடக்கு கிடையாது.

"சரிவு எங்கடா மச்சான்?" என்றார் பெரியப்பா.

"மேலருந்து பாத்தா சரிவு தெரியாது மாமா."

"மேலருந்துன்னா? ஏரி பக்கத்துலருந்தா?"

"இல்ல மாமா. ஆகாசத்துலருந்து."

"ஆகாசத்துல யாரு குடி போறா?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா படத்தை அரைவட்டம் திருப்பிப் பார்த்தார். அப்படியும் அது அதேபோல்தான் இருந்தது. இரண்டு வீடும் ஒரே அளவாக இருக்கவேண்டும், யாருக்கும் குறை இருக்கக்கூடாது என்று அப்பாவே மாமாவிடம் சொல்லியிருந்தார்.

பங்கு பிரிப்பது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. மூத்தவருக்கு மேல் வீடு, இளையவருக்குக் கீழ் வீடு. மாமா அதை ஒவ்வொரு சதுரத்திலும் அழகான எழுத்தில் எழுதினார். இதைப்போலச் சண்டையில்லாத பாகப்பிரிவினை எங்கள் வம்சத்திலேயே நடந்ததில்லை என்று பெரியப்பா சொன்னார். நடந்தது என்னவென்றால், மூத்தவன் மேற்கே இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். மேல் வீடு என்றால் அவருக்கு மேலண்ட வீடு, ஏரியோரம், பள்ளத்தில். அப்பாவுக்குத் திசையெல்லாம் ஆலையின் வாசல் எந்தப் பக்கம் என்பதோடு சரி. கீழ் வீடு என்றால் அவருக்குக் கீழே இருக்கிற வீடு. அதே ஏரியோரம், அதே பள்ளம். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவருக்கு, இரும்பு லாரி ஓடும் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் கிடைத்தாலும் லாபம்.

ஆக, இருவருக்கும் கிடைத்தது ஒரே இடம். இதில் விசேஷம் என்னவென்றால், நல்ல இடம் தனக்கு வந்துவிட்டதே என்று இருவருக்கும் மனசு உறுத்தியதுதான். அந்த மாதங்களில் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் காட்டிய மரியாதை தாங்க முடியாததாக இருந்தது.

"உனுக்குத்தான் பாவம், லாரி சத்தம்" என்பார் பெரியப்பா.

"இன்னாண்ணா, உனுக்குத்தான ரோட்டாண்ட" என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் தன் தியாகத்தைக்கூடத் தம்பிமேல் ஏற்றிப் பேசுகிறாரே என்று நெகிழ்ந்துபோய், "பரவால்லண்ணா" என்று மட்டும் சொல்வார். நெகிழ்ச்சியில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அஸ்திவாரம் தோண்டுகிற கடக்கால் பூஜை அன்று காலையில் எல்லோரும் போனோம். ஏரிப்பக்கம், பள்ளத்தில், மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு சதுரம். பெரியம்மா குங்குமத் தட்டோடு சரிவில் பக்கவாட்டாக நண்டுபோல இறங்கி அந்தச் சதுரத்துக்குள் நின்றாள். அம்மா செம்பும் மாவிலையுமாக இறங்கி அதே சதுரத்துக்குள் நின்றாள். பெரியப்பா ஒரு தேங்காய் வைத்திருந்தார். அப்பா ஒரு தேங்காய் வைத்திருந்தார். மாமா படத்தோடு மேட்டில் நின்று, ஆகாசத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முதல்ல உங்க ஊட்டுக்கு பூஜ போட்டுட்டு வாங்கண்ணா. அப்பறம் இங்க பாக்கலாம்" என்றார் அப்பா.

"என் ஊட்டுக்குத்தான் போடறேன். நீ போ, உங்க ஊட்டாண்ட" என்றார் பெரியப்பா.

"இதான் என் ஊடு."

"டேய், மேல் ஊடு என்துடா."

"ஆமா, மேல! மேல போண்ணா!" என்று அப்பா சாலையைக் காட்டினார்.

"அது கீழண்டடா! சூரியன் எங்கடா நிக்கிறான்? கண்ணு தெர்ல?"

"சூரியனப் பாத்தா ஊடு கட்டுவாங்க? கீழன்னா கீழ!" என்று அப்பா காலால் தரையை உதைத்தார். சுண்ணாம்புக் கோடு ஒரு இடத்தில் அழிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் ஒரே இடத்தைத் தனக்கு என்று சொல்கிறார்கள். ஒருவர் அதை மேல் என்கிறார், ஒருவர் கீழ் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். தீர்ப்பு சொல்கிற முகம் அவருக்கு இருந்தது.

"இதுக்கு ஏன் பேஜார் பண்ணிக்கினு?" என்றார் மேஸ்திரி. "கீழ் ஊடு கீழ, மேல் ஊடு மாடி. அண்ணன் மாடில இருக்கட்டும். அதுக்குத்தான் ஒரே கடக்காலா போட்டுக்கினேன்."

படத்தில் மேல் வீடு, கீழ் வீடு என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவர் இத்தனை நாளும் ஒரு மாடி வீடு கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்றுதான் பள்ளத்தில் போட்டாராம்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாமா இறங்கி வந்து படத்தைத் தரையில் விரித்தார். பெரியப்பா அதை ஏரிப்பக்கம் திருப்பினார். அப்பா சாலைப்பக்கம் திருப்பினார். "பூமிய மட்டமா ஆக்கிட்டா தீந்துச்சு" என்று மேஸ்திரி ஒரு யோசனை சொல்ல, "யாரு மட்டம்? நான் மட்டமா?" என்று பெரியப்பா அவர்மேல் பாய்ந்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "மனையே வேணாம். வித்துப்புடலாம். நீ உன் வழிய பாரு, நான் என் வழிய பாக்கறேன்" என்றார். அப்பா தேங்காயைக் கீழே வைத்தார். அது சரிவில் உருண்டு ஏரிப்பக்கம் போனது. யாரும் பிடிக்கவில்லை.

எனக்குக் கதவு போயிற்று என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா சதுரத்தைத் தாண்டி வெளியே வந்தாள். பெரியப்பாவுக்கு எதிரே அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "மாமா, நாங்க ரோட்டாண்டயே இருந்துக்கறோம். மேலண்டயோ கீழண்டயோ, அது எங்குளுக்கு இருக்கட்டும். இது அக்காவுக்கு" என்றாள்.

"எனுக்குத் தூக்கம்?" என்றார் அப்பா.

"காதுல பஞ்சு வெச்சிக்க."

பெரியப்பா உடனே இளகிவிட்டார். சின்னவள் விட்டுக்கொடுத்தாள், இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று மேஸ்திரியிடமே சொன்னார். அப்பா போய்த் தேங்காயைத் தேடி எடுத்துவந்தார். மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு சிக்கல் இருக்குது. அந்த ஊட்டுத் தரை இந்த ஊட்டுல ஆளு கழுத்துக்கு வரும். நடுவுல இந்தக் கதவ எப்பிடி வெக்கறது? தொறந்தா ஆளு பொத்துன்னு உழுவான். வேணும்னா இந்தப் பள்ளத்த மண்ணடிச்சு தூக்கி, ரெண்டு தரையும் ஒண்ணாக்கி, கதவு வெக்கலாம். இல்லன்னா உள்ளாற படி வெச்சுத் தரேன். இன்னா செய்யலாம்?"

நான் "படி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று ஞாபகம்.

"வேணாம்" என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று பெரியம்மாவுடையது.

"ஜன்னலாவது...?"

"அதுவும் வேணாம்." இதையும் சேர்ந்துதான் சொன்னார்கள். ஒத்திகை பார்த்ததுபோல. குழம்பில் புளி விஷயத்தில் ஒரு நாளும் சேராத குரல்கள்.

அம்மா வேண்டாம் என்றதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. சுவர் வேண்டும் என்று தலை பின்னும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். ஆனால் பெரியம்மா? என்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய பெரியம்மா? அவளும் தினமும் யாருக்காவது தலை பின்னிக்கொண்டே இதையே சொல்லிக்கொண்டிருந்தாளோ என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவின் கையிலிருந்த தட்டு முதலில் குலுங்கியது. பிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவளுக்கும் தோள் ஆடியது. நிறுத்த முடியாமல் இரண்டு பேரும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று சிரித்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன்.

"ஏண்டி அழுவற?" என்று பெரியம்மா வந்து என்னைத் தூக்கினாள்.

"நீயும் அம்மாவும் சண்டையா?" என்றேன்.

பெரியம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே எங்கடி சண்ட."

இனிமேல் சண்டை போடக்கூட ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவு தூரம் போய்விட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, நான் இன்னும் பலமாக அழுதேன்.