ஆவாரைக்கு வார்த்த மீன்நீர்

அந்நாளில் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சந்தில் மருந்துக்கடை வைத்திருந்தேன். நீரிழிவுக்காரர் பலர் என் ஆவாரம்பூக் குடிநீரை நம்பி வந்தனர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த உலர்பூவோ அடிக்கடி பூசணம் பூத்திருந்தது. ஒருநாள் மூட்டையோடு அதனைக் குப்பையிற் கொட்டி, "இனி என் கொல்லையிற் பூத்ததையே காய்ச்சித் தருவேன்" என்று வந்திருந்தோர் அனைவர் முன்னும் சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து வருவித்து ஊன்றிய ஆவாரை விதைகள் முளைத்தன, ஆனால் செடிகள் ஒல்லியாகவே நின்றன. எனக்கோ நோயாளியைப் பார்த்துப் பழகிய கண். மெலிந்த உடலுக்கு ஊட்டம் வேண்டும் எனத் துணிந்து, பக்கத்துச் சோற்றுக்கடையில் மீன் கழுவிய நீரை நாள்தோறும் வாங்கி வார்த்தேன், பிண்ணாக்கும் இட்டேன். செடிகள் ஆளுயரம் எழுந்து கரும்பச்சையாய்த் தழைத்தன. மொட்டு மட்டும் ஒன்றுமில்லை. குடிநீர் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். சிலர் வருவதையே நிறுத்திவிட்டனர்.

சோற்றுக்கடைச் சமையற்காரரும் அக்குடிநீரை அருந்தி வந்தவரே. ஒரு வெள்ளியன்று தொழுகை முடிந்து வந்தவர் கொல்லையை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா வைத்தியரே நம்ம மீன் தண்ணி? நான் கீரைக்குன்னுல்ல நெனச்சேன்!" சிரிப்பு அடங்க அவருக்கு நேரமாயிற்று.

"மெலிந்திருந்தனவே" என்றேன்.

"மெலிஞ்சவனெல்லாம் நோயாளியா? இது கட்டாந்தரையில கெடந்து பூக்குறது. தின்னத் தின்ன எலையத்தான் விடும். என் மொளகாயும் இப்படித்தான் ஒருக்கா ஏமாத்துச்சு. தண்ணிய நிறுத்துங்க, அடுப்புச் சாம்பல் தாரேன்."

தந்ததோடு நில்லாமல், உப்புநீர் சிந்திய சாம்பலை ஒதுக்கி, எஞ்சியதைச் சலித்துத் தாமே கொணர்ந்தார். மழைநீர் வேரில் தேங்காதவாறு பாத்தியை மேடாக்கியதும் அவரே. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிப் பூ குன்றும் என்பதையும், சாம்பற்சத்து பூப்பதற்குத் துணைசெய்யும் என்பதையும் பின்னாளில் நான் நூல்களிற் படித்தேன். ஒரு மிளகாய்ச் செடியைக் கூர்ந்து நோக்கியே அவர் அதனை அறிந்திருந்தார்! அவ்வறிவை இன்றும் வியக்கிறேன்.

மழை ஓய்ந்த திங்களில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்தது. முதற்பறிப்பு இரு கைப்பிடியே. வரிசையின் கடைசியில் நின்ற சமையற்காரரின் முறை வருமுன் பானை ஒழிந்துவிட்டது. நான் நாணி நின்றேன்.

"நாளைக்கும் பூக்கும்ல?" என்று கேட்டுவிட்டு அவர் உலை வைக்கப் போனார்.

மறுநாளும் பூத்தது. காய்ச்சி இறக்கியதும் முதற்குவளையை அவர் கடைக்கு நானே ஏந்திச் சென்றேன்.