ஹேக்கர் மீது ஒரு பிராது

அன்புக்கரசிக்குச் சம்பளம் சென்னைக் கம்பெனியில். இருப்பு விருத்தாசலத்தில், தன் வீட்டு மாடியில். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அவர்கள் அனுமதியோடு நுழைந்து, எங்கே ஓட்டை என்று கண்டு சொல்வது அவள் தொழில். யாராவது கேட்டால் அவள் அம்மா "கம்ப்யூட்டர் ரிப்பேரு" என்று முடித்துவிடுவார்.

கொலுவுக்குப் பொம்மை வாங்க, அடுத்த தெருக் கலியமூர்த்தியின் பீங்கான் கம்பெனி இணையதளத்தைத் திறந்தாள். ஆர்டர் எண்ணை மாற்றிப் போட்டால் வேறு யாருடைய பெயரும் விலாசமும் போன் நம்பரும் வந்து நின்றன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை; உள்ளே போய் முழுவதும் பார்த்தாள். எதையும் தொடவில்லை. பெயர் போடாமல் ஒரு மெயில் அனுப்பினாள்: "உங்கள் தளம் திறந்து கிடக்கிறது. உள்ளே வந்து பார்த்தேன். பூட்டவும்."

கலியமூர்த்தி போலீசுக்குப் போகவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டார். குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவர் விசாரித்துக்கொள்வார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எதிரியின் பெயர் ஹேக்கர், ஊர் இன்டர்நெட் என்று எழுதியிருந்தார்.

அவர் மனைவி ராணி காய்கறிக் கடையில் அன்புக்கரசியிடம் இதைச் சொன்ன அன்றே அவள் ரவுட்டர் அணைந்துபோனது. வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து நாற்காலிச் சக்கரம் கழன்றது. பழசு என்றாள். பிறகு சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குக் காரணம் கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சார், அந்த ஹேக்கர் நான்தான்."

கலியமூர்த்தி டீயைக் கீழே வைத்தார். "நீயாம்மா? உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"ஹேக்கர்ல வகை இருக்குது சார். திருடுறவங்க கறுப்புத் தொப்பி. கேட்டுட்டு வந்து சோதிக்கிறவங்க வெள்ளைத் தொப்பி. கேக்காம வந்து, எதையும் எடுக்காம சொல்லிட்டுப் போறவங்க சாம்பல் தொப்பி."

"நீ கேட்டியா?"

"கேக்கலைங்க."

"அப்ப சாம்பலு." யோசித்தார். "விபூதி கலரு. சாமி கோவிச்சுக்காது."

"இல்ல சார். நல்லதுக்குன்னாலும் அது உங்க வூடு. கேக்காம நொழஞ்சது தப்புதான். பிராதை வாபஸ் வாங்கிக்கங்க."

"வாங்கிட்டா நெஜத் திருடனும் தப்பிச்சிருவானே."

பழையதை வாபஸ் வாங்கிப் புதிதாக ஒன்று கட்டுவது என்று முடிவானது. அவள் ஆபீஸ் பழக்கத்தில் வகைகளையெல்லாம் விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினாள். "சாமிக்கு ஆயிரம் கேசு இருக்குது" என்று அவர் ஒரே வரியாக்கினார்: கறுப்புத் தொப்பிக்காரர்கள் மீது மட்டும்.

கோயிலில் சாமிக்குக் கேட்கட்டும் என்று அதைச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்றிருந்த ஒருவர் தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"வெயிலுக்குப் போட்டதுங்க," என்றார். "நமக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க."

திரும்பும் வழியில், தளத்தைத் தானே சரிசெய்து தருவதாக அன்புக்கரசி சொன்னாள். ஆனால் அனுமதி எழுத்தில் வேண்டும் என்றாள்.

"நல்லது பண்றதுக்குமா எழுதிக் குடுக்கணும்?"

"அதுக்குத்தான் சார் முக்கியமா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். காலையில் சாமிக்கு எழுதிய பழக்கத்தில் 'அருள்மிகு அன்புக்கரசி அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தார். அவள் அதைத் திருத்தாமல் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே வேலையை முடித்துக் கொடுத்தாள்.