இரண்டாம் ஓட்டம்

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளின் புகை வெள்ளையாக, கனமாக, கொஞ்சம் பிசுபிசுப்போடு வரும். முகத்தில் பட்டால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், தலைமுடியில் ஏறிவிட்டால் இரண்டு தரம் தோய்ந்தாலும் போகாது. தொண்ணூறுகளில் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த எங்களுக்கு அதுதான் வாகனத்தின் வாசம். பெற்றோல் வாசம் என்றால் எங்களுக்கு வேறு, அது வீட்டில் நல்ல சாமான் வந்திருக்கும்போது வரும் வாசம். அந்தப் புகை நாள் முழுக்க எங்கள் தெருக்களில் நின்ற ஒரு சனி, ஞாயிறைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொல்லாமல் விட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை இருந்த காலம் அது. வவுனியாப் பக்கமிருந்து ஓமந்தை கடந்து யாராவது ஒளித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. அதுவும் போத்தல் கணக்கில், பவுண் விலையில். ஆகவே வாகனங்களையெல்லாம் மண்ணெண்ணெய்க்குப் பழக்கி வைத்திருந்தார்கள். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. ஹாண்டிலில் ஒரு சின்னப் போத்தலைக் கட்டி, ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட சேலைன் குழாயால் கொஞ்சம் பெற்றோலை உள்ளே விட்டு, உதைத்து ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தி ஆறவிட்டால் திரும்பவும் பெற்றோல் கேட்கும். அதனால் கடைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தாமல் புகையவிட்டபடியே சீனி வாங்குவார்கள்.

எங்கள் ஊரில் ஒரேயொரு கார் இருந்தது. சூசை மாமாவுடைய பழைய கறுப்புக் கார். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாவற்றுக்கும் அதுதான் அம்புலன்ஸ். அந்தக் காரும் பெற்றோல் இல்லாமல் கண் விழிக்காது. ஆகவே ஊரில் ஒரு வழக்கம் இருந்தது: வீட்டில் வள்ளத்து இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் சூசை மாமா வீட்டு வாசலுக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு பெரிய போத்தலுக்குள் ஆளுக்கொரு மூடி பெற்றோல் ஊற்றிவிட்டு வருவார்கள். "ஆத்திர அந்தரத்துக்கு", அதாவது உயிர் போகிற அவசரத்துக்கு, என்று சொல்லித்தான் ஊற்றுவார்கள். அந்தப் போத்தலில் யாரும் கைவைப்பதில்லை.

அந்த வருடம் கடல் பூட்டியிருந்தது. தொழிலுக்குப் போகக் கூடாது என்ற கட்டளை நீண்டுகொண்டே போக, வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. இளைஞர்கள் மதகுக் கட்டில் குந்தியிருந்து ஒருவரையொருவர் நக்கலடிப்பதைத் தொழிலாக்கிக்கொண்டார்கள். கோயில் திருநாள் வந்தபோது படகோட்டம் வைக்க முடியாதே என்ற கவலையில் யாரோ ஒருவர் தரையில் ஓடினால் என்ன என்று கேட்டார். அப்படித்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டம் பிறந்தது. கோயில் முற்றத்தில் தொடங்கி, வாடித் தெருவால் இறங்கி, மதகு தாண்டி, களப்புத் தண்ணீர் ஓரமாகப் பனைகளுக்குள் வளைந்து, சந்தை ஒழுங்கையால் திரும்பக் கோயிலுக்கு. மூன்று சுற்று. சனிக்கிழமை வெள்ளோட்டம், ஞாயிறு போட்டி. பங்குச் சுவாமி முதலில் வேண்டாம் என்றார், பிறகு கோழிகளைக் கட்டி வைக்கும்படி பூசையில் அறிவித்தார்.

மத்தியஸ்தராக என் ஐயாவைப் பிடித்தார்கள். வேறு யாரையும் யோசித்திருக்கவே மாட்டார்கள். கரைவலை இழுத்து முடிந்தால் மீன் பங்கு போடுவது ஐயாதான். அவர் போட்ட பங்கில் யாரும் வாய் திறந்ததில்லை. காரணம், கடைசியாக மிஞ்சும் சின்னக் குவியல்தான் எப்போதும் அவருடையது. அம்மா அந்த மீனைக் குசினியில் கொட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வா: "ஊருக்கு நியாயம், எங்களுக்கு முள்ளு." ஐயா சிரிப்பார். தன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த பயம் அந்த வயதில் எனக்குப் பெருமையாகத்தான் தெரிந்தது. அது பெருமையும் பயமும் கலந்த ஒன்று என்று பிறகுதான் விளங்கியது.

ஓடப் பெயர் கொடுத்தவர்களில் தாசன் சித்தப்பாவும் ஒருவர். அம்மாவின் தங்கையைக் கட்டியவர், அதாவது ஐயாவுக்குச் சகலன். கலியாணம் கட்டி நெடுங்காலம் பிள்ளை இல்லாமல், வேளாங்கன்னி மாதாவுக்கு நேராத நேர்த்தியெல்லாம் நேர்ந்து, அந்தத் திருநாளின்போது சின்னம்மா நிறைமாதமாக இருந்தா. அடுத்த வீடுதான் எங்களுடையது. சின்னம்மா தைத்து வைத்த குட்டிச் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து மடிப்பதும் திரும்ப வைப்பதுமாக நான் அங்கேயே கிடந்தேன். "உன்ரை தம்பியோ தங்கச்சியோ வந்து உன்னை என்னட்டையிருந்து கலைக்கப் போகுது பார்" என்று சீண்டுவா. நான் கோபித்துக்கொண்டு போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வருவேன். உண்மையில் ஊரில் யாரையும்விட அந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தவள் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வெள்ளோட்டத்தில் ஊர் புகைக்குள் காணாமல் போனது. வேலியோரம் எல்லாம் சனம். மதகில் அல்பிரட் அண்ணையின் வண்டி சறுக்கி, அவர் சேற்றோடு எழும்பி வந்தபோது கிழவிகள்கூடக் கைதட்டினார்கள். இயந்திரம் நின்று போனவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பப் பெற்றோல் விட வேண்டி வந்ததால், பொழுதுபடும்போது ஓட்டக்காரர்களின் சின்னப் போத்தல்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. ஞாயிறு ஒரு தரம் ஸ்ராட் செய்யக் காணும் என்று எல்லோரும் போத்தலை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து, வண்டிகள் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்று உறுமின. ஐயா வெள்ளை வேட்டியோடு முன்னால் தனியாக நின்று, முகம் துடைக்கும் லேஞ்சியை உயர்த்தினார். லேஞ்சி விழுந்தால் ஓட்டம். விழுந்தது, பாய்ந்தார்கள், புகை மூடியது. மூன்றாம் சுற்றில் சந்தை ஒழுங்கையால் முதலில் தலை காட்டியது தாசன் சித்தப்பாதான். பின்னால் ஒட்டிக்கொண்டு அல்பிரட் அண்ணை. சித்தப்பாவைத் தோளில் தூக்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டிருந்த சின்னம்மா வயிற்றில் கைவைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் எனக்குத் தெரிகிறது.

ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "இது சரிவராது. லேஞ்சி என்ரை கையிலை இருக்கேக்கையே தாசன் வண்டியை எடுத்திட்டான்" என்றார்.

"ஆர் கண்டது?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் கண்டனான்."

வேறு ஒருவரும் காணவில்லை. காணக்கூடிய இடத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். தோற்ற அல்பிரட் அண்ணையே வந்து, "விடுங்கோ மாமா, ஒரு முழம்தானே. நான் தோத்தது தோத்ததுதான்" என்றார். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "கை வழுக்கினது உண்மைதான் அண்ணை. அப்ப அல்பிரட்டுக்கே குடுங்கோ" என்றார். அவருக்கு வெல்வதைவிட ஓடுவதுதான் பிடிக்கும். ஆனால் ஐயாவுக்கு இரண்டும் சம்மதமில்லை. சகலனுக்குக் கொடுத்தால் ஊர் கதைக்கும், ஓடாமலே அல்பிரட்டுக்குக் கொடுத்தால் அதுவும் நியாயமில்லை. "திரும்ப ஓடத்தான் வேணும்" என்று முடித்துவிட்டார்.

இந்தக் கதை நீண்டதில் இயந்திரங்கள் எல்லாம் ஆறிப் போயின. சின்னப் போத்தல்களில் ஒரு சொட்டும் இல்லை. எல்லோரும் மெல்லச் சூசை மாமாவைப் பார்த்தார்கள்.

"அது ஆத்திர அந்தரத்துக்கு வைச்சதெல்லோ" என்றார் சூசை மாமா. வழக்கமாகச் சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதர், அதை மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கிழமையிலை நிரப்பிப் போடலாம். என்ரை பங்கை நான் கூட்டி ஊத்திறன்" என்றார் ஐயா. மீன் பங்கு போடுகிறவர் சொன்ன பிறகு யார் மறுப்பது? போத்தல் வந்தது. ஐயாவே தன் கையால், ஒருவருக்குக் கூடாமல் ஒருவருக்குக் குறையாமல், மூடியால் அளந்து ஒவ்வொரு வண்டிக்கும் விட்டார். இரண்டு வண்டிகள் முரண்டு பிடித்தன. அவற்றுக்கு இன்னொரு தரம் விட்டார். கடைசியில் போத்தலைக் கவிழ்த்துத் தட்டியதையும் நான் பார்த்தேன்.

இரண்டாம் ஓட்டத்திலும் தாசன் சித்தப்பாதான் வென்றார். முதல் தரத்தைவிட நல்ல இடைவெளியில். ஐயாவின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. சகலனைக் கட்டிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, "இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

வண்டிகளை நிறுத்தி, மாலை போட்டு, சாப்பிட்டு, எல்லோரும் பாயில் சாய்ந்த பின்னேரத்தில் சின்னம்மாவின் குரல் கேட்டது. அம்மா ஓடினா. பின்னால் போன என்னை, அதற்குள் வந்துவிட்ட மருத்துவிச்சி வாசலிலேயே மறித்துவிட்டா. சின்னம்மாவின் பாவாடை நனைந்திருந்ததையும் அது தண்ணீரில்லை என்பதையும் மட்டும் கண்டேன். "நான் கை வைக்க மாட்டன். உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, இஞ்சை வைச்சிருந்தா ரெண்டு உயிரும் இல்லை" என்றா மருத்துவிச்சி.

சின்னம்மாவைத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் கிடத்தினார்கள். சூசை மாமா கைபிடியைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார். கார் இருமக்கூட இல்லை. போத்தலின் அடியில் துணியைத் துவட்டி எடுத்து மணந்து பார்த்தார்கள். காலையில் வண்டி ஓடிய அத்தனை பேரும் வந்து சின்னம்மாவோடு சேர்த்துக் காரை மணல் தெருவில் தள்ளினார்கள், மதகு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆளாக நின்று தள்ளியவர் ஐயா. வேட்டி அவிழ்ந்ததும் தெரியாமல் தள்ளினார். சித்தப்பா தன் வண்டியின் பிளக்கைக் கழற்றி, அடுப்புத் தணலில் சுட்டுப் பூட்டி, உதைத்து உதைத்து, ஒருவாறு அதைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்கு உழவு மிசின் கேட்டுப் போனார். அது இழுவைப் பெட்டியோடு வந்து சேர இருட்டுப்பட்டுவிட்டது. பெட்டிக்குள் வைக்கோல் போட்டுச் சின்னம்மாவைக் கிடத்தி, அந்தக் குண்டுங்குழியுமான தெருவால் கொண்டு போனார்கள். அம்மாவும் ஐயாவும் கூடப் போனார்கள்.

சின்னம்மா பிழைத்துக்கொண்டா. பிள்ளை பிழைக்கவில்லை, ஆண் பிள்ளை. "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே" என்று டொக்டர் கேட்டாராம். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கிற கேள்விதான். ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அம்மா பிறகு சொன்னா. சின்னம்மாவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அந்தச் சட்டைகளை யார் எடுத்து என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

கடல் திறந்தபோது ஐயா வலை இழுக்கப் போனார், ஆனால் பங்கு போட மறுத்துவிட்டார். "வேறை ஆரும் போடுங்கோ" என்று தள்ளிப் போய் நின்றுகொள்வார். ஞாயிறுகளில் சூசை மாமா வீட்டில் மூடிக்குப் பதிலாகக் கோப்பையால் ஊற்றினார். எங்கள் வள்ளம் அதனால் சில நாள் கரையிலேயே கிடந்தது. முள்ளைப் பற்றிய அம்மாவின் பகிடியும் அன்றோடு நின்றது. சின்னம்மாவிடம் ஐயா மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் ஒவ்வொரு தரமும் அவா மறித்துவிடுவா: "விடுங்கோ அத்தான், அது ஆண்டவற்றை விருப்பம். நீங்கள் என்ன செய்வியள்." பிறகு இடம்பெயர்ந்து உடையார்கட்டில் ஒரே வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்த காலத்திலும், அதற்குப் பின் எத்தனையோ இடங்களிலும், அவா அந்தச் சொல்லை மாற்றவேயில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் எல்லோரும் வியந்தோம்.

இப்போது எங்கள் ஊர்த் தெரு தார் காப்பெற் போட்டுக் கறுப்பாகக் கிடக்கிறது. சந்தியில் எண்ணெய் நிரப்பும் நிலையம். மோட்டார் சைக்கிள்கள் ஒரு பொத்தானுக்குக் கிளம்பிவிடுகின்றன, புகையே தெரிவதில்லை. வாடித் தெரு இல்லை. களப்பு ஓரத்துப் பனைகள் தலை இல்லாமல் நின்று, பிறகு அதுவும் இல்லாமல் போயின. சூசை மாமாவின் கார் எந்த இடப்பெயர்வில் கைவிடப்பட்டது என்று சொல்ல அவரும் இல்லை, தாசன் சித்தப்பாவும் இல்லை. யார் வீட்டில் பெற்றோல் இருக்கிறது, யார் வீட்டில் நிறைமாதம் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்த அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர்கள் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயா போன வருடம் காலமானார். சேமக்காலையில் அடக்கம் முடிந்து வந்து, சனம் கலைந்த பிறகு, சின்னம்மாவுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவா குசினிக் கதிரையில் இருந்து அதைக் குடித்து முடித்தா. பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னா:

"அவர் இருக்குமட்டும் இதைச் சொல்லக் கூடாதெண்டு இருந்தனான் பிள்ளை. சொன்னால் அண்டைக்கே செத்துப் போவார். அத்தான் அந்த ரெண்டாம் ஓட்டத்தை விட்டிருக்கலாம்."

நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.