எச்சரிக்கை வராத மத்தியானம்

நம்பாதவர்கள் ஐந்தருவிப் பக்கம் போய் ஜஸ்டினையே கேட்கலாம். பேய், பிசாசு என்றால் கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிக்கிற ஆள் அவன். இப்போது சிரிப்பதில்லை.

அவன் வேலை பார்க்கும் லாட்ஜுக்குக் கீழே, ஓடைக்கரையில் மோட்டார் கொட்டகை. போன சாரல் சீசனில் மோட்டாரைத் தூக்கப் போன லாட்ஜ் சுமைக்காரன் பலவேசத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகுதான் முதலாளி அங்கே கேமரா மாட்டினார். கேமராவில் தண்ணீரைப் பார்க்காமல் எவனும் இறங்கக்கூடாது என்று பேச்சு.

போனில் கேமராவின் ஐபி எண்ணை அடித்தால் முதலில் எச்சரிக்கைதான் வரும். ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல.’ பெயர் கிடையாது, வெறும் எண். அதுவும் லாட்ஜுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். அந்த எண்ணுக்கு, இது நிஜமான இடம்தான் என்று வெளியில் எவனும் சான்றிதழ் தரமாட்டான். பரவாயில்லை என்று அழுத்தி உள்ளே போய்ப் போய் எல்லோருக்கும் விரல் பழகிவிட்டது.

அன்று மத்தியானம் மலை கறுத்துக் கிடந்தது. மழை கொட்டியது. மோட்டாரைத் தூக்கி வர, லாட்ஜ் எடுபிடி சுடலைக்கண்ணு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, பாத்தியளா? மோட்டார் போச்சுன்னா மொதலாளி தோலை உரிச்சிருவாரு.”

“இருலே. ஒன் தோலு எங்க ஓடிரப் போவுது?”

ஜஸ்டின் எண்ணை அடித்தான்.

எச்சரிக்கை வரவில்லை... நேரே படம். மேலே பூட்டு அடையாளம் மூடியிருந்தது. சான்றிதழ் சரியாக இருக்கிறதாம்.

படத்தில் கொட்டகை காய்ந்து கிடந்தது. இந்த மழையில், ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“எறங்குதேன் அண்ணாச்சி!” சுடலையின் குரல் ஓடைக்கு இறங்கும் படிக்கட்டிலிருந்து வந்தது.

திரையில், கொட்டகைக்குள் ஒருவன் முதுகு காட்டி நின்றான். மூட்டை சுமந்து இடது தோள் சரிந்த முதுகு.

ஜஸ்டின் பூட்டைத் தொட்டான். சான்றிதழ் விரிந்தது. எண் சரி. வழங்கியவர்...

பலவேசம்.

படத்தில் கை உயர்ந்தது.

வா... வா...

“ஏலே சுடலை! எறங்காதலே! மேல வா!”

டமார்!

மரங்களுக்குக் கீழே கொட்டகை போன சத்தம். பாதிப் படிவரை செந்தண்ணீர் ஏறியது. சுடலைக்கண்ணு கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வந்தான்.

மழை விட்டதும் மேனேஜர் உமா மகேஸ்வரியிடம் ஜஸ்டின் சொன்னான். “கொட்டகையோட கேமராவும் போச்சுக்கா.”

“எந்தக் கேமரா? தண்ணி எறங்கி வேலை செய்யலன்னு முந்தாநேத்தே கழத்திக் கொண்டாந்தாச்சே.”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். வயர் சுற்றியபடி கேமரா உள்ளே கிடந்தது.

ஜஸ்டின் போனைப் பார்த்தான்.

பூட்டு இன்னும் மூடியே இருந்தது.