டெல்சியின் தலையில் தணல்

இப்போதெல்லாம் என் தங்கை மகளின் போனில் விடிவதற்குள் ஒரு பைபிள் வசனம் வந்து விழுந்துவிடுகிறது. ரோஜாப்பூ படம், சூரியன் படம், நடுவில் வசனம். அதற்கு ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு, அதே கட்டைவிரலால் அடுத்த நிமிஷம் யாரோ ஒருத்தியைக் கண்டபடி திட்டி அனுப்புகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏண்டி, இப்பத்தானே வசனம் படிச்ச?" என்று கேட்டால், "அது காலைக்கு, பெரியம்மா" என்கிறாள்.

என் சிநேகிதி அயோனிக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. கதவைச் சாத்து என்றால் எழுந்துபோய்ச் சாத்துகிற மாதிரி, வசனம் சொன்னதை எழுந்துபோய்ச் செய்கிற பிறவி அவள். போன மார்ச்சில் அவளை அடக்கம் செய்தோம். புதிதாக வந்திருக்கிற சின்னப் போதகர் அரைமணி நேரம் பேசினார். நல்ல மனைவி, நல்ல தாய், சந்தையில் தக்காளி விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவள் என்றார். எல்லாம் சரிதான். அப்படிப்பட்டவர்கள் ஜமைக்காவில் எங்கள் செயின்ட் எலிசபெத் மலைப்பக்கம் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறார்கள். அயோனி யார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எனக்குத்தான் தெரியும்.

எங்கள் சபை தகரக் கூரை போட்ட மரக்கட்டிடம். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது, நாங்களும் மழைக்காக ஜெபித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூட்டம். ஒரு பிஸ்கட் டப்பாவில் வசனச் சீட்டுகளைச் சுருட்டிப் போட்டு வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் வாக்குத்தத்தப் பெட்டி. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, அந்த வாரம் அந்த வசனப்படி எப்படி நடந்தோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எதையாவது ஜோடிப்போம். "ஒரு கிழவிக்கு விறகு தூக்கிக் கொடுத்தேன்" என்பது எல்லா வசனத்துக்கும் பொருந்தும். எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு அந்தக் காலத்தில் விறகுப் பஞ்சமே வந்திருக்கக் கூடாது.

அயோனி மட்டும் நிஜமாகச் செய்வாள். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று ஒரு வாரம் வந்தது. அந்த வாரமே வாத்தியார் அவள் இடது கையில் பிரம்பால் ஒன்று வைத்தார். இவள் வலது கையையும் நீட்டினாள். திமிரைப் பார் என்று அவர் அதில் இரண்டு வைத்தார். சாயங்காலம் வீங்கிய கையோடு, "நல்லாத்தான் போச்சு, மெர்டெல்" என்றாள் என்னிடம். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

ஜமைக்காவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எங்களுக்குப் பதினான்கு வயது. அந்த வருஷக் கடைசியில் அயோனிக்கு ஆற்றில் ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. எட்டு வயதிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். அவள் அம்மா வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கிழித்து அங்கியே தைத்தாயிற்று. ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். தண்ணீரில் நிற்கும்போது போதகர், "மனசுல யார்மேலயாவது பகை இருக்கா?" என்று கேட்பார். "இல்லை ஐயா" என்றால்தான் முழுக்குவார். எல்லாரும் சொல்வதுதான், சொல்லிவிட்டு முழுகி எழுந்து பழைய சண்டையைத் தொடர்வதுதான். அயோனியால் அது முடியாது. அவளுக்கு ஒரு பகையாளி இருந்தாள்.

டெல்சி என்று பெயர். அம்மா இல்லை, அப்பா இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அத்தை சில்லா வீட்டில் வளர்ந்தாள். சில்லா அத்தை சபையில் முதல் வரிசை, ஊரிலேயே பெரிய தொப்பி. டெல்சிக்கு நல்ல குரல், அதைவிட நல்ல நாக்கு. சுதந்திர விழா விளையாட்டுப் போட்டியில் அயோனி நீளம் தாண்டினாள். பாவாடை மேலே பறந்து உள்பாவாடை தெரிந்தது. மாவு மூட்டைத் துணியில் தைத்தது. அன்று யார் வீட்டில் அப்படித் தைக்கவில்லை? ஆனால் அயோனி அம்மா எழுத்துப் போகத் துவைக்காமல் தைத்துவிட்டாள், மூட்டையில் அச்சடித்த எடை பின்னால் அப்படியே தெரிந்தது. "நூறு பவுண்டு!" என்று டெல்சி மைதானம் அதிரக் கத்தினாள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த என் அயோனிக்கு அன்றிலிருந்து அதுவே பெயர். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டன. அயோனி என் தோளில் முகத்தை வைத்து அழுத அழுகையில் என் சட்டை நனைந்தது.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து அயோனி எடுத்த சீட்டு, பகையாளி பசித்திருந்தால் சாப்பாடு போடு, அது அவன் தலையில் நெருப்புத் தணலைக் குவித்தது போலாகும் என்றது. அயோனியின் கண்ணெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

"மெர்டெல், பாத்தியாடி? நெருப்பு! கர்த்தரே சொல்றாரு, தலையில நெருப்பு!"

"அதுக்கு அப்படியா அர்த்தம்?"

"வேற எப்படி? தணல்னு போட்டிருக்கு, தண்ணினா போட்டிருக்கு?"

திங்கட்கிழமை மதியம் மாமரத்தடியில் டெல்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். அயோனி தன் தூக்குச்சட்டியை அப்படியே அவள் முன்னால் வைத்தாள். கருவாடு, டம்ப்ளிங் என்கிற பொரித்த மாவு உருண்டை நான்கு, மரவள்ளி அடை.

"என்ன இது, நூறு பவுண்டு? விஷமா?"

"சாப்பாடு. சாப்பிடு."

டெல்சி மோந்து பார்த்தாள். பிறகு ஒரு டம்ப்ளிங் அப்படியே உள்ளே போயிற்று. அயோனி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல. தலை ஏதாவது சுடுதா?"

"வெயில்ல சுடாம?"

"வெயில் இல்லாம, தனியா ஏதாவது?"

தினமும் இதே கதை. தூக்கைத் துடைத்த மாதிரி திருப்பித் தருவாள் டெல்சி, ஒரு நன்றி வராது. அயோனி பட்டினி. என் சாப்பாட்டில் பாதியை அவள் வாயில் திணிப்பது என் வேலையாயிற்று. ஆகமொத்தம் அவள் பகையாளிக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யார் தலையிலும் தணல் கொட்டுகிற ஆசையே இல்லை, பசிதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அயோனி சாட்சி சொல்ல எழுந்தாள். போதகர் கெய்ல் ஐயா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பெரியவர்களும் சிலர் வந்திருந்தார்கள். சில்லா அத்தை தொப்பியோடு முன்னால். டெல்சி கடைசிப் பெஞ்சில்.

"வசனப்படி பகையாளிக்குத் தினமும் சாப்பாடு போட்டேன். இன்னும் புகைகூட வரல. நெருப்பு எப்ப வரும், ஐயா?"

சபையே சிரித்தது. போதகரும் கண்ணைத் திறந்தார். "யாரும்மா அந்தப் பகையாளி?"

"டெல்சி."

தொப்பி திரும்பியது. "என் வீட்டுப் பிள்ளை ஊரான் சோத்தத் திங்குதா? என் வீட்டுல என்ன பஞ்சம் வந்துச்சு?"

"பஞ்சம்னு நான் சொல்லலையே, அத்தை" என்றாள் அயோனி. "ஒரு டம்ப்ளிங்க ஒரே வாயில முழுங்கறா. மென்னுகூடப் பாக்கறதில்ல. அதத்தான் சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு டெல்சி எதுவும் கொண்டுவருவதில்லை என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாருக்கும் தெரியும், யாரும் யோசித்ததில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெஞ்சில் டெல்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டெல்சியின் முழங்கைக்கு மேல் அத்தை வீட்டுப் பிரம்புத் தழும்பு. அயோனி வழக்கம்போல் தூக்கைக் கொண்டுபோனாள்.

"எடுத்துட்டுப் போ" என்றாள் டெல்சி. "என் தலை எரியணும்னுதானே போட்ட? நான் மடச்சி. யாரோ ஒருத்திக்கு என்னைப் பாத்தா பாவமா இருக்குன்னு நெனச்சுட்டேன்."

எழுந்து மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். குவளை குவளையாகக் குடித்தாள். வயிறு நிறையக் குடித்துவிட்டு வகுப்புக்குள் போய்ப் பாடிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அயோனி தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு வாய்கூட எடுக்க மாட்டாள். என் சாப்பாட்டையும் தொடவில்லை.

"சாப்பிட்டுத் தொலையேன்டி" என்று கத்தினேன். "ஞாயித்துக்கிழமை ஆத்துல மயங்கி விழப்போற!"

"ஆத்துக்கு எப்படிடி போவேன்?" என்றாள். "அவ தண்ணி குடிக்கிறதப் பாத்தா எனக்குத்தான் எரியுது, மெர்டெல். உச்சியிலிருந்து எரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவர்மேலும் சேர்த்துக் கோபமும் வந்தது.

மறுநாள் மதியம் அயோனி நேரே தொட்டியடிக்குப் போய் டெல்சிக்கு முன்னால் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன், அடிதடி ஆனால் பிரிக்க வேண்டுமே.

"டெல்சி, நான் உன் பகையாளிதானே?"

"அதுல சந்தேகம் வேறயா?"

"எனக்குப் பசிக்குது. நாலு நாளா சாப்பிடல."

"அதுக்கு நான் என்னடி பண்ண?"

அயோனி தூக்கை அவள் கையில் திணித்தாள். "இது இப்ப உன்னோடது. குடுத்தாச்சு, திருப்பி வாங்க மாட்டேன். உன் பகையாளிக்குப் பசி. போடு. என் தலை எரியட்டும்."

டெல்சி தூக்கைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "லூசாடி நீ?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் ஏதோ செய்த மாதிரி. "அவதான் லூசு, நானில்ல" என்றேன். பிறகு டெல்சி மூடியைத் திறந்தாள். மரவள்ளி அடையை எடுத்து ஒரு துண்டு கிள்ளி, "நல்லா எரிஞ்சு சாவு!" என்று அயோனி வாயில் அடைத்தாள். அயோனி புரையேறி இருமினாள். டெல்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கருவாட்டை ஒரு கை பார்த்தாள். "மிச்சம் எனக்குத்தான், என் தூக்கு" என்றாள். "உன்னோடதுதான்" என்றாள் அயோனி, வாயெல்லாம் அடையாக.

அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கருவாட்டு வாசனை அடிக்கும். மூன்று பேரும் தொட்டிச் சுவரில் சாய்ந்து ஒரே தூக்கில் கைவிட்டுச் சாப்பிட்டோம். அதற்கப்புறம் எத்தனையோ கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டேன், அந்த ருசி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே ஆற்றங்கரையில். பாட்டு மலைவரை கேட்டிருக்கும். கெய்ல் ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அயோனி வெள்ளை அங்கியில் இறங்கிப் போனாள்.

"மகளே, மனசுல யார்மேலயாவது பகை இருக்கா?"

கரையில் அவள் அம்மா, 'சொல்லுடி, சொல்லித் தொலையேன்' என்று முணுமுணுத்தாள்.

"தெரியல, ஐயா" என்றாள் அயோனி. எங்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. "மன்னிச்சுட்டேனான்னு தெரியல. சில நேரம் அவ வாயத் தைக்கணும்போல இருக்கு. ஆனா அவ சாப்பிடாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது, ஐயா. அவ்வளவுதான் தெரியும்."

கரையில் சில்லா அத்தை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். போதகர் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அயோனியின் முதுகில் கைகொடுத்துத் தண்ணீருக்குள் சாய்த்தார்.

அவள் இருமிக்கொண்டு மேலே வந்தாள். கண்ணில் தண்ணீர், எதுவும் தெரியாமல் கையை நீட்டித் துழாவினாள். துண்டு அவள் அம்மாவிடம் இருந்தது. என் பக்கத்தில் நின்றிருந்த டெல்சி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, அப்பா இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஒரே ஜோடி ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆற்றுக்குள் நடந்தாள்.